முதலாளிக்கு அடிபட்டால்

சட்டம் விரலுக்கு விரல் கணக்கு வைத்திருக்கிறது. கட்டைவிரல் முழுதாகப் போனால், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக அது எடுத்துக்கொள்ளும். சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போய்விட்டால் 50. வெள்ளையர் ஆட்சியில் 1923-ல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொடங்கி, பிற்காலத் திருத்தங்களில் வளர்ந்த அட்டவணை இது.

பனியன் தொழிலில் இந்த அட்டவணை வெறும் காகிதமல்ல. அடுக்கி வைத்த துணியை அறுக்கும் கட்டிங் கத்தி இடது கை விரல்களுக்கு அங்குல தூரத்தில் ஓடுகிறது. நீராவியில் காட்டிய துணியைச் சூடான உருளைகளுக்கு நடுவே விடும் காலண்டரிங் இயந்திரம், துணியோடு விரலையும் உள்ளே இழுக்கும். ஓவர்லாக் ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும். சாயப்பட்டறையில் கொதிநீர். எல்லாவற்றையும் மிஞ்சியது சாலை. முன்னும் பின்னும் பீஸ் மூட்டை கட்டிக்கொண்டு, டெலிவரி நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர விரையும் டூவீலரைத் திருப்பூரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

ஆனால் அந்த அட்டவணை கூலி வாங்குகிறவருக்கு மட்டும்தான். கூலி கொடுக்கிறவர் அதே மேசையில், அதே வரிசையில், அடுத்த இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்தாலும் அவருடைய விரலுக்கு அதில் இடமில்லை.

திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். அங்கே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. சிறுதொழில்களுக்கு இடமும் ஷெட்டும் அமைத்துத் தருவதற்காகத் தமிழக அரசு 1970-ல் உருவாக்கிய நிறுவனம் சிட்கோ. ஏற்றுமதியாளர்களின் முயற்சியில் 1997-ல் தொடங்கிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் முதலிபாளையத்தில்தான் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் பெயர்ப்பலகைகளைத் தாண்டிப் போனால், இந்த வட்டாரம் முழுக்கச் சின்னச் சின்னக் கூடங்கள். நீண்ட மேசை ஒன்றில் பல தையல் இயந்திரங்களைப் பொருத்தி, ஒரே மோட்டாரின் விசையில் ஓட்டும் ஏற்பாட்டுக்கு இங்கே பவர் டேபிள் என்று பெயர். காலப்போக்கில் அந்த மேசையை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் தொழிலுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அப்படி மேசை போட்டிருப்பவர் பெரும்பாலும் நேற்றுவரை வேறொருவரிடம் சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களில் தைத்தவர். அவருடைய கைமாத்து, மனைவியின் நகை, ஏலச்சீட்டில் எடுத்த பணம் எல்லாம் அந்த மேசைக்குள் போயிருக்கும். ஆள் வராத நாளில் அவரே தைப்பார். ஆள் வந்த நாளிலும் தைப்பார்.

இந்த ஊர் இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு.

இந்தியாவில் பனியன் பின்னல் 1893-ல் கல்கத்தாவின் கிதிர்பூரில் தொடங்கியது. திருப்பூருக்கு அது வந்த ஆண்டு 1925. குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங்தான் இங்கே முதல் பின்னல் கூடம் என்று சொல்லப்படுகிறது. கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் கொடுத்த பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது 1932-ல். மின்சாரம் வருவதற்கு முன் பின்னல் இயந்திரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கையால் சுற்றுகிற இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு: கை நின்றால் அதுவும் நிற்கும். மோட்டார் வந்த பிறகு இயந்திரம் கையைக் கேட்டு நிற்பதில்லை. தொழில் பெருகியதும் அடிபடுவதும் ஒரே கம்பி வழியாகத்தான் ஊருக்குள் வந்தன.

1956-ல் தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமா பிறந்தது. அப்போது தொழில் உள்நாட்டு வெள்ளைப் பனியனை நம்பி இருந்தது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி மும்பை வழியாகத் திருப்பூருக்கு வந்தார். ஏற்றுமதிக் கதையை ஊர்க்காரர்கள் அவரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வெளியே கொடுக்கும் வழக்கம் அதன்பின் இன்னும் வேகமெடுத்தது. பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் நாலு இடம், காஜா பட்டன் இன்னோரிடம். 1990-ல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானபோது, அதன் பின்னால் ஆயிரக்கணக்கான இத்தகைய சின்னக் கூடங்கள் இருந்தன.

துண்டாக்குவதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. எட்டுப் பேர், ஒன்பது பேர் இருந்த பவர் டேபிள் கூடம் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையாகவே இருக்கவில்லை.

தொண்ணூறுகளில் திருப்பூரில் தங்கி ஆய்வு செய்த ஷரத் சாரி, 2004-ல் 'ஃப்ரேட்டர்னல் கேபிடல்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். கூலித் தொழிலாளியாகவும் சிறு விவசாயியாகவும் இருந்த கவுண்டர்கள் எப்படிக் கம்பெனி முதலாளிகள் ஆனார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. கேட்ட இடமெல்லாம் திரும்பத் திரும்பக் கிடைத்த பதில் ஒரே சொல்: உழைப்பு. பணம் இருந்தவனல்ல, உழைத்தவன் முன்னுக்கு வந்தான் என்பது இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. கதைக்குள் சாதியின் துணையும் உறவின் துணையும் இருந்ததைச் சாரி மறைக்கவில்லை. இருந்தாலும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாம். உழைப்புத்தான் முதல் என்றால், உழைக்கிற உடம்பில் அடிபடும்போது முதலுக்கு என்ன ஆகும்?

அதற்கு இந்த ஊர் முதலில் கண்ட விடை கூட்டு. பங்காளி, மாமன், மச்சான், கூட வேலை செய்த நண்பன் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் கட்டிங், ஒருவர் தையல், ஒருவர் வெளிவேலை என்று பிரித்துக்கொண்டு கம்பெனி தொடங்குவது திருப்பூரின் பழைய முறை. முதல் சேர்ப்பதற்காக ஏற்பட்ட முறைதான். ஆனால் ஒருவர் படுத்துவிட்டால் கம்பெனி படுக்காமல் இருந்ததற்கும் அதுவே காரணம். இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1932-ன் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவு, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, தொழிலைக் கவனித்துக்கொள்ளும் கூட்டாளி அதற்கெனத் தனிச் சம்பளம் கேட்க முடியாது, லாபம் எல்லோருக்கும் சமம் என்கிறது. கால் முறிந்து நான்கு மாதம் வீட்டில் கிடக்கும் கூட்டாளிக்கும் அந்த நான்கு மாதப் பங்கு உண்டு. அதே சட்டத்தின் 44-வது பிரிவு மறுபக்கத்தையும் சொல்கிறது: ஒரு கூட்டாளி தன் கடமையைச் செய்ய நிரந்தரமாக இயலாதவராகிவிட்டால், கூட்டைக் கலைக்கச் சொல்லி மற்றவர் நீதிமன்றம் போகலாம். ஆறுகிற காயத்துக்குச் சட்டம் துணை நின்றது, ஆறாத காயத்துக்குக் கதவைத் திறந்து வைத்தது.

இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற மண்பாண்டத் தொழிலதிபரின் கதையும் கூட்டின் அருமையைத்தான் சொல்கிறது. சிறு வயதில் வந்த பெரியம்மையால் கெட்டுப்போன அவருடைய வலது காலை 1768 மே 28-ல் வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். எட்ரூரியா என்ற புதிய ஆலைக்கான வேலைகள் அப்போது நடந்துகொண்டிருந்தன. அன்று லண்டனுக்கு எழுத வேண்டிய வியாபாரக் கடிதத்தைக் கணக்கர் பீட்டர் ஸ்விஃப்ட் எழுதினார்; முதலாளியின் காலை எடுத்துவிட்ட செய்தி அந்தக் கடிதத்திலேயே போனது. கூட்டாளி தாமஸ் பென்ட்லி வந்து உடனிருந்தார். மனைவி சாரா காயத்துக்குக் கட்டுப் போட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் எட்ரூரியா திறக்கப்பட்டது. மரக்காலோடு அவர் இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் தொழில் நடத்தினார். கணக்கர், கூட்டாளி, மனைவி ஆகிய மூவரும் இல்லாமல் அந்த ஓராண்டை அவரால் தாண்டியிருக்க முடியாது.

முதலிபாளையத்துச் சின்ன முதலாளிக்குக் கணக்கர் கிடையாது. கணக்கு அவருடைய தலையிலும் செல்போனிலும் இருக்கிறது. யாருக்கு எத்தனை பீஸ், எந்தக் கம்பெனி எவ்வளவு பாக்கி, எந்த டெய்லருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பதெல்லாம் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். கூட்டாளி இல்லாமல் தனியாக மேசை போடுவது இன்று சாதாரணமாகிவிட்ட நிலையில், மிச்சமிருப்பவர் மனைவி ஒருவர்தான். ஏற்றுமதி வளர்ந்த எண்பதுகளுக்குப் பின் தையல் மேசைக்குப் பெண்கள் பெருமளவில் வந்தார்கள். கணவர் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது கூடத்தைத் திறந்து, ஆட்களை உட்காரவைத்து, தானும் ஓவர்லாக்கில் உட்கார்ந்து, மாலையில் கம்பெனிக்குப் பேசி, சனிக்கிழமை சம்பளம் பிரிப்பது அந்த மனைவியின் பொறுப்பாகும். ஜி.எஸ்.டி. பதிவிலோ வங்கிக் கணக்கிலோ அவர் பெயர் இருக்காது. காசோலையில் கையெழுத்து வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் போக வேண்டும். தொழிலை நடத்தியவர் என்று அந்தப் பெண்ணை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இது பெரிய தவறு.

அடிபட்டவர் எங்கே போனார்? பழைய தலைமுறை நாட்டு வைத்தியரிடம் போனது. எலும்பு முறிவு என்றால் ஆந்திர எல்லையில் இருக்கும் புத்தூர்வரை போய் மூங்கில் பத்தையும் மூலிகையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் தமிழ்நாடு முழுவதும் உண்டு. வெரோனா திருப்பூருக்கு வந்த அதே 1978-ல், டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதனும் அவர் மனைவி கனகவல்லியும் கோவையில் கங்கா மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய மகன்களில் ஒருவரான எஸ். ராஜசேகரன் எலும்பு மருத்துவத்திலும், இன்னொருவரான எஸ். ராஜ சபாபதி கை அறுவையிலும் நுண் அறுவையிலும் பெயர் பெற்றார்கள். வெட்டுப்பட்டு விழுந்த விரலையும் கையையும் மீண்டும் பொருத்துவதில் உலகம் கவனிக்கும் இடமாக அது வளர்ந்தது. ஆலைகளும் பட்டறைகளும் நெருக்கமாக இருக்கும் வட்டாரத்தில் அப்படி ஒரு மருத்துவம் வளர்ந்ததில் வியப்பில்லை. கட்டிங் மேசை இருக்கும் ஒவ்வொரு கூடத்திலும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம்: துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப்போக வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுப்போகும்.

அறுவை முடிந்த பிறகுதான் தொழிலின் சோதனை தொடங்குகிறது. அறுந்த தசைநாணைத் தைத்த கை, பாரமான வேலைக்குத் திரும்பச் சுமார் 12 வாரம் ஆகும். அது 84 நாள். காலின் முன்னெலும்பு முறிந்தால் நான்கு மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். வங்கிக்கு வேறொரு நாட்காட்டி இருக்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடன். 2004 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி இது. கை ஆறும் நாளுக்கும் கடன் கெடும் நாளுக்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லை. கால் முறிந்தவருக்கோ எலும்பு கூடும் முன்பே கடன் கெட்டுவிடும். வாங்கிய மிஷினுக்குத் தவணை, கூடத்துக்கு வாடகை, கரண்ட் பில் எல்லாம் அந்த 84 நாளும் ஓடிக்கொண்டே இருக்கும். வாரவட்டிக்காரர் வாசலுக்கு வருவது இந்த இடைவெளியில்தான். சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் அதற்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ன் சட்டம் சொல்கிறது. ஆனால் அடுத்த ஆர்டரும் அதே கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும் என்னும்போது, கட்டுப் போட்ட கையோடு சட்டம் பேசப் போகிறவர் யார்?

இந்தச் சின்ன முதலாளி கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வலி புரியும். 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் 1955-ல் கோவைக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனியில் வேலை செய்யும் டெய்லருக்கு வேலையில் அடிபட்டால், ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நோய்க்கு 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள். 2019 பிப்ரவரி 10-ல் திருப்பூருக்கென 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியபோது ஊர் மகிழ்ந்தது நியாயம். ஆனால் அந்த டெய்லர் நான்கு மிஷின் வாங்கித் தனியாக மேசை போட்ட அன்றே அவருடைய ஈ.எஸ்.ஐ. அட்டை செல்லாமல் போகிறது. அதே கை, அதே ஊசி, அதே ஓவர்லாக். மாறியது பில் புத்தகத்தில் இருக்கும் பெயர் மட்டும். உழைத்து முன்னேறு என்று சொல்லும் ஊரில், முன்னேறுகிறவன் முதல் படியில் ஏறும்போதே அவன் காலடியில் இருக்கும் பலகையை உருவிவிடுகிறோம்.

வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. விபத்துக் காப்பீட்டைச் சட்டமாக்கிய முதல் நாடு ஜெர்மனி, ஆண்டு 1884. அங்கே சிறு முதலாளி தாமாக விரும்பிப் பணம் கட்டி அந்தக் காப்பீட்டுக்குள் சேர்ந்துகொள்ளலாம். இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போனது. 1965 ஜூன் 30-ன் 1124-ம் எண் ஆணை, தன் பட்டறையில் வழக்கமாகத் தானே கையால் வேலை செய்யும் கைவினை முதலாளிக்கும் விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கார்ப்பி, பிராட்டோ போன்ற இத்தாலியத் துணி நகரங்களோடு திருப்பூரை ஆய்வாளர்கள் அடிக்கடி ஒப்பிடுவார்கள்: சின்னக் கூடங்கள், பிரித்துச் செய்யும் வேலை, உறவுக்குள் நடக்கும் தொழில் என்று ஒற்றுமைகள் பல. அந்த ஊர்ப் பின்னல் பட்டறை முதலாளியின் விரலுக்கு அரசாங்கத்தில் கணக்கு உண்டு. வெரோனா வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இத்தாலியிலிருந்து ஆர்டர் வந்தது, மிஷின் வந்தது, ஃபேஷன் வந்தது, அந்தச் சட்டம் மட்டும் வரவில்லை.

இங்கே இருப்பவற்றையும் சொல்லிவிட வேண்டும். 1982-ன் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி வந்த நல வாரியங்களில் தையல் தொழிலாளர்களுக்கும் ஒன்று உண்டு. 2008-ல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் சுயதொழில் செய்வோரையும் தொழிலாளர் என்று ஏற்றுக்கொண்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. டூவீலரை நம்பி நடக்கும் தொழிலுக்கு இது பெரிய துணை. 2015-ல் வந்த பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் போதும். உயிர் போனால் 2 லட்சம், ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ முற்றிலும் போனால் 1 லட்சம். ஆனால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுத்திருந்து எழுந்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. பெரும்பாலான திட்டங்களின் கணக்கு ஒன்றுதான்: மருத்துவச் செலவுக்கு உண்டு, சாவுக்கு உண்டு, நிரந்தர ஊனத்துக்கு உண்டு. திரும்பி வரப்போகிறவர் வரும்வரை அவருடைய மேசையை யார் ஓட்டுவது என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

சைமாவோடு பேசித் தைப்புக் கூலியை உயர்த்திக்கொள்ளும் அளவுக்குப் பவர் டேபிள் உரிமையாளர் சங்கத்துக்கு வலு இருக்கிறது. கூலி ஒப்பந்தம் போடும் அதே மேசையில், பீஸுக்கு ஒரு சிறு பங்கை ஒதுக்கி அடிபட்ட உறுப்பினருக்கான நிதி ஒன்றைத் தொடங்கக் கேட்கலாம். கையால் வேலை செய்யும் சிறு முதலாளி தாமே பணம் கட்டி ஈ.எஸ்.ஐ.யில் தொடர ஒரு வழி வேண்டும் என்று அரசிடம் கேட்பதும் அவர்களால் ஆகும். கேட்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

அதுவரைக்கும் மேசை போட்டிருப்பவர் தானே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. பாக்கி வரவேண்டிய கணக்கையும் டெய்லர் அட்வான்ஸையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் ஒருவரிடம் காட்டி வையுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமையை மனைவிக்கும் கொடுங்கள். தவணை தவறும் முன்பே, கட்டுப் போட்ட வாரத்திலேயே, வங்கிக்குக் கடிதம் எழுதி அவகாசம் கேளுங்கள். தனிநபர் விபத்துப் பாலிசி எடுக்கப் போகும்போது, வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வாரந்தோறும் பணம் தரும் பிரிவு அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு அந்த வாரப் பணம்தான் கைகொடுக்கும்.